இரண்டு மாரி கண்ட நார் வடிகட்டி

முதல் நாள் தண்ணீர் இனித்தது. குளத்து நீருக்கெனப் பூட்டிய நார் வடிகட்டியின் குழாயைத் திறந்து முதற்குவளையை எங்கள் மாதர் சங்கத் தலைவி அக்காவிடம் நீட்டினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "தம்பி, இளநீர் மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று அவர் சொல்ல, சுற்றி நின்றவர்களின் முகம் மலர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளத்து நீருக்கு இனிப்பு எங்கிருந்து வரும்? இன்னும் யாரும் குடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, பெட்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை மகளிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். நார்கள் காய்ந்துபோகாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே கிளிசரின் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள், பாவிக்குமுன் அதைக் கழுவிப் போக்க வேண்டும் என்று ஒரு மூலையில் இருந்தது. கொண்டுவந்து இறக்கியவர்கள் இதை வாய்திறந்து சொல்லவில்லை. கிளிசரின் நஞ்சில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்றும் மறுநாளும் வடிந்த நீர் முழுவதையும் வாழைகளுக்கு விட்டேன்.

இது 2023 செப்ரெம்பரில் நடந்தது. அதன்பின் இந்த வடிகட்டி இரண்டு மாரியையும் இரண்டு கோடையையும் கண்டுவிட்டது. வாங்கலாமா என்று அயலூர்ச் சங்கங்களில் இருந்து கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் நீர்ப்பம்பி திருத்துகிறவன். 31 வருடத் தொழில். வவுனியா மாவட்டத்தில், புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணிக்குப் போகும் வீதியில் என் கடை இருக்கிறது. போர் முடிந்து 2010இல் சனங்கள் மீளக் குடியமர்ந்தபோது தூர்ந்து கிடந்த கிணறுகளை இறைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்தப் பக்கத்துக் கிணற்று நீரின் குணம் எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். பம்பியைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளைச் செதில் பிடித்திருக்கும். எங்கள் ஊர்க் குழாய்க்கிணற்றைப் பரிசோதித்தபோது புளோரைட்டு லீற்றருக்கு 2.3 மில்லிகிராம் என்று அறிக்கை வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 1.5. அறிக்கைக்கு முன்பே பிள்ளைகளின் பற்கள் அதைச் சொல்லிவிட்டன. என் பேத்தியின் முன்பற்கள் இரண்டிலும் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்கு எது காரணம் என்பதை ஆராய்ச்சியாளர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கிளினிக் நாளில் விடிய முன்னமே பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களைக் காண்கிற எங்களுக்கோ கிணற்றுக் கயிற்றைத் தொடவே மனம் வருவதில்லை.

குளம் ஊரோடு ஒட்டி இருக்கிறது. அது மழைநீர். சுண்ணாம்பு மிகக் குறைவு, புளோரைட்டு 0.3தான். ஆனால் கலங்கல், மாடுகள் இறங்கும், நாரைகள் நிற்கும், மாரியில் வயல் மண்ணெல்லாம் வந்து சேரும். என் அம்மா மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுக் குளத்து நீரை ஊற்றி வைப்பார். சில மணிநேரத்தில் பளிங்குபோலத் தெளிந்துவிடும். அதைக் கொதிக்க வைத்துத்தான் தருவார். தெளிந்த நீர் வேறு, நோயற்ற நீர் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அந்தக் குளத்தை மறந்து நிலத்தைத் துளைத்தோம். துளைத்த நீரில் இருந்து உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. இயந்திரம் தேடினோம். அது கழிவாகத் தள்ளும் உவர்நீரை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றோம். எங்களுக்கு வேண்டியது குளத்து நீரில் உள்ள சேற்றையும் கிருமியையும் மட்டும் நிறுத்தும் ஒரு பொருள்தான் என்பதை விளங்கிக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. நீரில் அமிழ்த்தி வைக்கும் இந்த நார் வடிகட்டி அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது.

பார்வைக்கு அது ஒரு திரைச்சீலை போல இருக்கும். மேலே ஒரு தடித்த பிளாஸ்ரிக் குழாய், கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளை நார்கள் தொங்குகின்றன. இடியப்பச் சிக்கலில் ஒரு நூல் எவ்வளவு பருமனோ ஏறத்தாழ அவ்வளவு. ஒன்றைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே ஓட்டை தெரியும். நார் என்றாலும் ஒவ்வொன்றும் ஒரு குழாய். அந்தக் குழாயின் சுவர்தான் நீரை வடிக்கும் மென்சவ்வு. சுவரில் உள்ள துளைகள் 0.03 மைக்கிரோன் அளவு. ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வயிற்றோட்டம் தரும் கோலி வகைப் பற்றீரியா 1 முதல் 2 மைக்கிரோன் நீளம் இருக்கும். அதற்கு இந்த வாசலில் நுழைய வழியே இல்லை. சேறும் அப்படியே வெளியில் நின்றுவிடும். வைரசுகளில் மிகச் சிறியவை தப்பிப் போகக்கூடும், அதைப் பிறகு சொல்கிறேன்.

பம்பிக்காரனாகிய என்னை மயக்கியது வேறொன்று. நான் அறிந்த வடிகட்டி எல்லாவற்றிலும் நீரைத் தள்ளுவார்கள். பம்பி முன்னால் நிற்கும், அழுத்தம் ஏறும், வடிகட்டி அடைபடும். இதில் பம்பி பின்னால் நிற்கிறது. அழுக்கு நீர் நிறைந்த திறந்த தாங்கிக்குள் நார்கள் சும்மா அமிழ்ந்திருக்கின்றன. நாரின் உட்குழலை மட்டும் பம்பி மெல்ல உறிஞ்சுகிறது. நல்ல நீர் சுவரைத் துளைத்து உள்ளே வர, அழுக்கு வெளியில் தங்கிவிடுகிறது. கழிவுநீர்த் தாங்கிக்குள் இப்படி நார்களை அமிழ்த்தி உறிஞ்சிப் பார்த்து 1989இல் எழுதியவர் ஜப்பானியரான கசுவோ யமமோட்டோ. அதற்கு முன் மென்சவ்வைத் தாங்கிக்கு வெளியில் வைத்து, நீரை வேகமாகச் சுற்றவிட்டு, மின்சாரத்தைக் கொட்டினார்களாம். தள்ளுவதை விட்டு இழுக்கலாம் என்று ஒருவர் நினைத்ததால்தான் இன்று எங்கள் ஊரில் அரைக் குதிரைவலுப் பம்பி ஒன்று 118 குடும்பங்களுக்கு நீர் தருகிறது.

எங்களிடம் இருப்பவை இப்படியான இரண்டு நார்த் தொகுதிகள், ஒவ்வொன்றும் 10 சதுர மீற்றர் மென்சவ்வுப் பரப்பு. கொழும்பில் இருந்து லொறிக் கூலியோடு 280,000 ரூபா ஆயிற்று. மணிக்கு 300 லீற்றர் எடுக்கிறோம், அதாவது சதுர மீற்றருக்கு 15 லீற்றர். நாளுக்கு எட்டரை மணிநேரம் ஓடினால் வீட்டுக்கு ஒரு 20 லீற்றர்க் கான் கொடுத்து, நார்களைக் கழுவவும் கொஞ்சம் மிஞ்சும். விற்றவர்கள் மணிக்கு 600 எடுக்கலாம் என்றார்கள். எடுக்கலாம், இரண்டு கிழமைக்கு. பிறகு துளைகள் அடைத்துக்கொள்ளும். மாட்டில் பால் கறப்பது போல இதையும் அளவோடு கறக்க வேண்டும். இந்த ஒரு விடயத்தில் பேராசை கொண்ட சங்கங்கள் ஒரு வருடத்திலேயே நார்களைக் குப்பையில் போட்டதை நேரில் போய்ப் பார்த்தேன்.

அடைபடாமல் வைத்திருப்பது காற்று. தொகுதியின் அடியில் துளையிட்ட குழாய் ஒன்றைப் படுக்க வைத்து, நிமிடத்துக்கு 100 லீற்றர் காற்றை ஊதுகிறோம். குமிழிகள் நார்களுக்கிடையே உருண்டு மேலே போகின்றன. நார்கள் விறைப்பாக இழுத்துக் கட்டப்படாமல் சற்றுத் தளர விடப்பட்டிருப்பதால் ஆற்றில் பாசி ஆடுவதுபோல ஆடுகின்றன. ஆடும்போது சேறு உதிர்கிறது. ஒன்பது நிமிடம் உறிஞ்சினால் ஒரு நிமிடம் வடித்த நீரையே பின்பக்கமாகத் திருப்பி விடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் தாங்கி பால்தேநீர் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்தால் பின்கழுவல் ஏன் வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முதல் மாரியில் நான் உண்மையாகவே பயந்துபோனேன். 2023 மார்கழியில் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு குளத்து நீர் செம்மண் கரைசலாக இருந்தது. கலங்கல்மானி ஒன்றை இரவலாக வாங்கி அளந்தோம். குளத்தில் 74, நார் வழியே வந்த நீரில் 0.1. இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் இரண்டு நீரையும் ஊற்றிப் பள்ளிக்கூடத்து மேசையில் வைத்தோம். பிள்ளைகள் போத்தலுக்குப் பின்னால் புத்தகத்தைப் பிடித்து வாசித்துப் பார்த்தார்கள். எனக்கு அந்த மேசைதான் இந்த வடிகட்டிக்கான நற்சான்று. முன்பு நாங்கள் வைத்திருந்த மணல் வடிகட்டியோ அதே மாதிரி மழையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கைவிடும்.

ஆனாலும் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. ஒருமுறை பொது சுகாதாரப் பரிசோதகர் சோதனைப் போத்தலில் எங்கள் நீரைப் பிடித்து வைத்துவிட்டுப் போனார். கிருமி இருந்தால் அந்த நீர் கறுக்கும். இரண்டாம் நாள் காலை கறுத்திருந்தது. நீரோ பளிங்குபோலத்தான் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் நார்களில் ஒன்று அறுந்தாலே போதும், அந்த வழியாகக் கிருமி நேரே உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெரியுமளவு கலங்காது. அன்றே விநியோகத்தை நிறுத்தி, எல்லோரையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி வீடுவீடாகப் போய்ச் சொன்னோம்.

அறுந்த நாரைக் கண்டுபிடித்த விதத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காக ஒருவர் கொழும்பில் இருந்து வரப் பெரும் தொகை கேட்டார். இரண்டு தொகுதிகளையும் தூக்கி, கழுவி, தெளிந்த நீர் நிறைந்த ஆழமற்ற தொட்டியில் கிடத்தினோம். நல்ல நீர் வெளியேறும் வாயில் சைக்கிள் பம்பை இணைத்து மிக மெதுவாகக் காற்றை ஏற்றினேன். அழுத்தமானியின் ஊசி அசைந்தால் போதும் என்ற அளவுதான். நனைந்த துளைகள் அந்த அழுத்தத்துக்குக் காற்றை விடா, அவ்வளவு நுண்ணியவை. அறுந்த நார் மட்டுமே விடும். முதல் தொகுதியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், இடது ஓரத்தில், பசை வார்த்து நார்களைப் பதித்திருக்கும் அடிக்கட்டைக்கு இரண்டு விரல் மேலே, ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மகள்தான் முதலில் கண்டாள். "அப்பா, அசையாதீர்கள், அங்கேதான்" என்றாள். விரலால் நார்களை விலக்கிக்கொண்டே போனால், உடைந்த நத்தை ஓடு ஒன்று நடுவே சொருகிக்கிடந்தது. நாரை அது அரிந்திருந்தது. நீர் உள்ளே வரும் வழியில் இருந்த சல்லடையில் ஒரு மூலை கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அது முழுக்க என் பிழை. அறுந்த நாரின் இரு முனைகளிலும் குத்தூசியை இறுக்கி, நீரில் கரையாத இரட்டைப் பசையால் அடைத்தோம். ஆயிரத்தில் ஒன்று போனால் நீர் குறையாது. மறுபடி காற்றேற்றினோம், குமிழி இல்லை. அடுத்த சோதனைப் போத்தல் கறுக்கவில்லை. அன்று முதல் மாதத்தின் முதற் சனிக்கிழமை இந்தக் காற்றுச் சோதனையைத் தவறவிடுவதில்லை. இதைச் செய்ய ஆள் இல்லாத சங்கம் இந்த வடிகட்டியை வாங்க வேண்டாம்.

இனி நல்லதொன்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் மின்சாரம் போன நாள். வரிசையில் கான்கள் நின்றன. எங்கள் நார்த் தாங்கி சீமெந்து மேடையில் இருக்கிறது, நல்ல நீர்த் தாங்கி அதைவிட இரண்டு மீற்றர் தாழ. வயலுக்கு வாய்க்காலில் இருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி நீர் இறக்கியதை நினைத்துக்கொண்டேன். உறிஞ்சு குழாயைப் பம்பியில் இருந்து கழற்றி, நீர் நிரப்பி, முனையை வால்வோடு கீழ்த் தாங்கிக்குள் விட்டுத் திறந்தேன். ஓடியது. இரண்டு மீற்றர் இறக்கம் என்றால் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல் இழுவை. இந்த நார்களுக்கு அதுவே தாராளம். பம்பியில் நான்கு நிமிடத்தில் நிறையும் கான் ஆறு நிமிடத்தில் நிறைந்தது. காற்று ஊதி இல்லாமல் நெடுநேரம் ஓட்டினால் சேறு அப்பிக்கொள்ளும் என்பதால் மூன்று மணிநேரத்தோடு நிறுத்தினேன். மின்சாரம் வந்ததும் உறிஞ்சலின்றிக் காற்றை மட்டும் ஒரு மணிநேரம் விட்டேன். அழுத்தமானி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆர்.ஓ. இயந்திரத்தில் இது நடக்கவே நடக்காது. தாங்கி கட்டப்போகிறவர்கள் மேடையை உயரமாகக் கட்டுங்கள்.

அழுத்தமானியைப் பற்றி இன்னும் ஒரு சொல். உறிஞ்சலின் இழுவை தொடக்கத்தில் 10 கிலோபாஸ்கலில் நிற்கும், நார்கள் அடைபட அடைபட ஏறும். 30ஐத் தாண்டினால் நான் மருந்துக் கழுவலுக்கு ஆயத்தமாவேன். முதலில் குளோரின் கரைசலில் சில மணிநேரம் ஊறல். அது பாசியையும் வழுவழுப்பையும் கரைக்கும். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசல். அதற்குப் பிறகுதான் சிற்றிக் அமிலம். அது இரும்புக் கறையையும் சுண்ணாம்பையும் எடுக்கும். குளோரினும் அமிலமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு எழும், மூடிய அறையில் ஆளையே கொல்லும். எங்கள் கொட்டகையில் இரண்டு மருந்தையும் இரண்டு மூலையில், இரண்டு நிற வாளிகளோடு வைத்திருக்கிறேன்.

இப்போது மனக்கசப்புக்கு வருகிறேன். விற்க வந்தவர்கள் எங்கள் சங்கக் கூட்டத்தில் நின்று, குழாய்க்கிணற்று நீரையும் இதிலேயே விடலாம், புளோரைட்டும் உப்பும் போய்விடும் என்றார்கள். இது பொய். கரைந்த உப்பு இந்தத் துளைகளுக்கு முன் கடலுக்கு முன் ஓடை போலச் சிறியது, தடையில்லாமல் நாரின் சுவரைக் கடந்துவிடும். புளோரைட்டும் நைத்திரேற்றும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் வடிந்த நீரோடு அப்படியே வந்துவிடும். கூட்டத்தில் சிறுநீரக நோயாளரின் வீட்டார் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நான் கிணற்று நீரை ஒருமுறை நார் வழியே விட்டு, முன்னும் பின்னும் பரிசோதிக்கக் கொடுத்தேன். 2.3 உள்ளே போய் 2.3 வெளியே வந்தது. அந்த அறிக்கை இப்போது எங்கள் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

பொருளில் குறை என்று சொன்னால், இணைப்புகளுக்கான றப்பர் வளையங்கள் நம் கடைகளில் கிடைக்கும் அளவில் இல்லை. ஒரு வளையம் கசிந்தால் பம்பி காற்றை இழுத்து உறிஞ்சலை இழந்துவிடும். வாங்கும்போதே இருபது வளையங்கள் கேட்டு வாங்குங்கள். தமிழில் ஒரு பக்கக் குறிப்புக்கூட வரவில்லை. மகள் எழுதியதைப் படியெடுத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம். ஒருமுறை நனைந்த நார்கள் பிறகு காயவே கூடாது. வன்னி வெயிலில் தாங்கியை வெறுமையாக்கி ஒரு பகல் விட்டால் துளைகள் சுருங்கி முழுத் தொகுதியும் வீணாகிவிடும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு அந்தத் தாங்கியின் நீர்மட்டம்தான் நினைவில் நிற்கும்.

கோடை முற்றி ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிப் பச்சையாகும்போது நாங்கள் இதை ஓட்டுவதில்லை. நீலப்பச்சைப் பாசியின் உடலை நார்கள் நிறுத்திவிடும். ஆனால் சில பாசிகள் நீரில் கரைய விடும் நச்சை நிறுத்தா. அந்த நாட்களில் பவுசர் வண்டியில் வரும் நீர்தான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். மற்ற மாதங்களிலும் வடிந்த நீரில் சிறிதளவு குளோரின் சேர்த்தே கொடுக்கிறோம். முன்பு சொன்ன சிறிய வைரசுகளுக்காகவும், வீட்டுக் கான்களுக்குள் கை படுவதற்காகவும். குளோரினை நார்த் தாங்கிக்கு முன்னால் போட வேண்டாம். பாசி உடைந்து உள்ளே உள்ளதெல்லாம் நீரில் கரைந்துவிடும்.

குளமோ ஆறோ பக்கத்தில் இருந்து, அந்த நீரில் உப்பும் புளோரைட்டும் குறைவு என்று பரிசோதனையில் கண்டு, நாள்தோறும் அரைமணிநேரம் நின்று பார்க்க ஒருவர் முன்வந்தால் தயங்காமல் வாங்குங்கள். கிணற்று நீர் மட்டுமே உள்ள ஊருக்கு இது உதவாது.

தலைவி அக்கா இப்போதும் தன் கானை முதல் ஆளாகக் கொண்டுவருகிறார். இந்த முறை ஓட்டத்தை நிறுத்தியபோது அழுத்தமானி 27இல் நின்றது. குளம் பச்சை பிடித்து ஓட்டம் நின்றிருக்கும் இந்த நாட்களிலேயே சிற்றிக் அமிலக் கழுவலை முடித்துவிட வேண்டும். மழைக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. புதிய சல்லடைக்கு அளவெடுத்துக் கொடுத்துவிட்டேன்.